வீடு நிறைய ஆவிகள், வரலாறு மட்டும் வெளியே: ‘வின்செஸ்டர்’ படமும் அதற்கு மாற்றான மூன்றும்

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இன்றும் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்திப் பார்க்கும் விசித்திரமான மாளிகை, அதைக் கட்டிய சாரா வின்செஸ்டர் என்னும் செல்வந்தரான கைம்பெண், அவருடைய செல்வத்துக்கு ஊற்றாக இருந்த துப்பாக்கித் தொழில், 1906-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தைக் குலுக்கிய நிலநடுக்கம் ஆகிய அனைத்தும் உண்மை. இவற்றை ஒரே திரைக்கதைக்குள் கொண்டுவந்து, கறுப்பு உடையில் நடிகை ஹெலன் மிரனைச் சாராவாக நடுவில் அமர்த்திவிட்டால் நல்ல திகில் படம் ஒன்று தானாகவே அமைந்துவிடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். 2018 பிப்ரவரியில் வெளிவந்த ‘வின்செஸ்டர்’ அப்படி அமையவில்லை. இயக்கிய மைக்கேல், பீட்டர் ஸ்பியரிக் சகோதரர்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன் ‘ப்ரீடெஸ்டினேஷன்’ என்ற சிக்கலான காலப்பயணக் கதையைத் தெளிவாகச் சொல்லிக் காட்டியவர்கள் என்பதால் ஏமாற்றம் இன்னும் கூடுதலாகிறது.

இந்தப் படம் எங்கே சறுக்கியது என்பது, இதே வேலையை எடுத்துக்கொண்ட வேறு மூன்று படங்களை அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் சரியாகப் புலப்படுகிறது. ஸ்பானிய உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் நடக்கும் கியெர்மோ தெல் தோரோவின் ‘தி டெவில்ஸ் பேக்போன்’ (2001), ஈரான்–ஈராக் போரின்போது டெஹ்ரானில் நடக்கும் பாபக் அன்வாரியின் ‘அண்டர் தி ஷேடோ’ (2016), 1918-இல் தொடங்கி 1947 வரை கொங்கணத்தில் நகரும் ராஹி அனில் பர்வேயின் ‘தும்பாட்’ (2018) ஆகியவை அந்த மூன்றும். நான்கு படங்களிலும் அமானுஷ்யம் ஒரு கட்டடத்துக்குள் குடியிருக்கிறது, நான்கிலும் நாள்காட்டியில் காட்டக்கூடிய காலம் ஒன்று இருக்கிறது. கதை முடிவுகளைத் தொடாமல் இவற்றை ஒப்பிட இயலாது என்பதைப் படம் பார்க்காதவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒப்பீட்டுக்கு இரண்டு கேள்விகளை அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். படத்திலிருந்து பேயை அகற்றிவிட்டால் மீதமுள்ள வரலாற்றுக் கதை தன் காலில் நிற்குமா? வரலாற்றை அகற்றிவிட்டு அதே பேயை வேறு ஊரில், வேறு நூற்றாண்டில் கொண்டுபோய் வைத்தால் அது எவ்விதச் சிரமமும் இல்லாமல் அங்கே பொருந்திவிடுமா? முதல் கேள்விக்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் விடை வருமானால், அந்தப் படத்தில் வரலாறும் அமானுஷ்யமும் உண்மையாகவே கலந்திருக்கின்றன என்று கொள்ளலாம். ‘வின்செஸ்டர்’ இரண்டு கேள்விகளுக்கும் தலைகீழான விடையைத் தருகிறது.

படத்தைப் பேசுவதற்கு முன் சாராவின் வாழ்க்கையைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் படம் வீணடித்தது அதைத்தான். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரைச் சேர்ந்த சாரா, துப்பாக்கி நிறுவனத்தை நிறுவிய ஆலிவர் வின்செஸ்டரின் மகன் வில்லியமை மணந்தார். 1866-இல் பிறந்த அவர்களுடைய ஒரே பெண் குழந்தை சில வாரங்களிலேயே இறந்துவிட்டது. 1880-இன் இறுதியில் மாமனாரும், அடுத்த சில மாதங்களில் காசநோயால் கணவரும் இறக்க, பெரும் சொத்து சாராவின் கைக்கு வந்தது. அவர் மேற்குக் கரைக்குக் குடிபெயர்ந்து, 1886-இல் சான் ஹோசேயில் ஒரு பண்ணை வீட்டை வாங்கி, அதை விரித்துக் கட்டத் தொடங்கினார். இன்று ஏறத்தாழ 160 அறைகளோடு நிற்கும் அந்த மாளிகையில், சுவரில் முட்டி நின்றுவிடும் படிக்கட்டுகளும் திறந்தால் வெட்டவெளியில் விழவைக்கும் கதவுகளும் உண்டு. வின்செஸ்டர் துப்பாக்கியால் இறந்தவர்களின் ஆவிகளுக்கு அஞ்சி, ஆவியுலகத்தோடு பேசும் ஒருவர் சொன்னபடி, இரவு பகலாக அவர் கட்டிக்கொண்டே இருந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1922-இல் சாரா இறந்து, அடுத்த ஆண்டே மாளிகை பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்ட பின் இந்தக் கதை நன்றாக விலைபோனது.

மேரி ஜோ இக்னோஃபோ 2010-இல் வெளியிட்ட சாராவின் வாழ்க்கை வரலாறு இந்தக் கதையை ஒவ்வோர் இழையாகப் பிரித்துவிடுகிறது. கட்டட வேலை இடைவிடாமல் நடக்கவில்லை, சாரா மாதக்கணக்கில் வேலையாட்களை நிறுத்தி வைத்திருக்கிறார். இரண்டே அங்குல உயரமுள்ள படிகள் ஆவிகளைக் குழப்புவதற்காக வந்தவை அல்ல, கடுமையான மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட ஒரு பெண் ஏறுவதற்காக வந்தவை. 1906 நிலநடுக்கத்தில் ஏழு மாடி உயரக் கோபுரமும் மேல்தளங்களும் சரிந்தன. இடிந்த பகுதிகளை மீண்டும் கட்டாமல் வெட்டி மூடிவிட்டதால்தான் பல கதவுகளும் படிக்கட்டுகளும் எங்கும் செல்லாதவையாகத் தொங்குகின்றன. கணவரைக் கொன்ற காசநோய்க்கு எதிராக நியூ ஹேவனில் ஒரு மருத்துவமனை அமைவதற்குப் பெருந்தொகை கொடுத்தவரும் இவர்தான். முறையான பயிற்சி இல்லாமல் தானே கட்டடக்கலையைப் பழகிய, தனிமை விரும்பிய, அண்டை அயலாரின் வம்புக்கு ஆளான ஒரு பெண்ணின் கதை இது. துப்பாக்கிப் பணத்தைப் பற்றி அவர் உண்மையில் என்ன நினைத்தார் என்ற கேள்வியை வைத்தே ஒரு திகில் படம் எடுத்திருக்கலாம்.

படமோ இதில் எதையும் தொடுவதில்லை. 1906-இல், சாராவின் மனநிலை சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, நிறுவனத்தின் இயக்குநர்கள் எரிக் பிரைஸ் என்ற கற்பனை மருத்துவரை மாளிகைக்கு அனுப்புகிறார்கள். அபினிச் சாற்றுக்கு அடிமையான அவர் (ஜேசன் கிளார்க்) ஒருமுறை சுடப்பட்டு, சில நிமிடங்கள் இறந்து மீண்டவர். துப்பாக்கிக்குப் பலியானவர்கள் எந்த அறையில் இறந்தார்களோ அதே அறையைச் சாரா மாளிகைக்குள் கட்டிக்கொடுக்கிறார், ஆவி அமைதியடைந்ததும் அறை இடிக்கப்படுகிறது. அடங்க மறுக்கும் ஆவிகளின் அறைகள் பதின்மூன்று ஆணிகளால் அடைக்கப்படுகின்றன. ஒரு துப்பாக்கி நிறுவனத்தின் இறப்புக் கணக்கையே அறை அறையாக நடந்து பார்க்கும் கட்டடமாக மாற்றும் இந்தக் கற்பனை உண்மையிலேயே நல்ல கற்பனை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மேற்கு அமெரிக்காவை வென்ற துப்பாக்கி என்று நிறுவனமே விளம்பரப்படுத்திக்கொண்ட ஆயுதம் அது. அந்த வெற்றி யாரை வென்றது, அந்த அறைகளில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்டிருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

அதற்குப் பதிலாகப் படம் தேர்ந்தெடுக்கும் பழிவாங்கும் ஆவி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தம்பியரைப் பறிகொடுத்த தென்மாநிலப் படைவீரன் ஒருவன். அந்தத் துப்பாக்கிதான் தன் உடன்பிறந்தார் இருவரையும் கொன்றது என்று நிறுவன அலுவலகத்துக்குள் புகுந்து பலரைச் சுட்டு, தானும் சுடப்பட்டு இறந்தவன். வின்செஸ்டர் என்ற பெயரில் நிறுவனம் உருவானது 1866-இல், போர் முடிந்ததோ 1865-இல். போரில் வடமாநில வீரர்கள் சிலர் பயன்படுத்தியது, ஆலிவர் வின்செஸ்டரின் முந்தைய நிறுவனம் செய்த ஹென்றி ரைஃபிள். உரிமையாளர் ஒருவரே என்பதால் இந்தப் பிழையைப் பெருந்தன்மையோடு விட்டுவிடலாம். ஆனால் அந்த ஆயுதம் உண்மையில் பரவிய பிந்தைய பல பத்தாண்டுகளை விட்டுவிட்டு, அது ஏறக்குறைய இல்லாத ஒரு போரிலிருந்து பேயைத் தருவிப்பதை விட்டுவிட முடியாது. அமெரிக்கத் தொல்குடிகளோடு நடந்த மோதல்களில் இரு தரப்பிலும் இந்தத் துப்பாக்கிகள் இருந்தன, அங்கே இறந்தவர்களின் ஆவிகள் இந்தக் கதையில் பின்னணிக் கூட்டம் மட்டுமே.

உச்சக்கட்டம் இதைவிட விசித்திரமானது. துப்பாக்கியின் பாவத்தைப் பற்றிய படம், அந்த ஆவியை எப்படி அடக்குகிறது தெரியுமா? மருத்துவர், முன்பு தன்னைத் துளைத்த அதே தோட்டாவைத் துப்பாக்கியில் இட்டு ஆவியைச் சுடுகிறார். நிலநடுக்கத்துக்கும் இதே நிலைதான். வட்டாரம் முழுவதையும் சிதைத்த ஒரு பேரிடர், கோபம் கொண்ட ஒரே ஓர் ஆவி வீட்டை ஆட்டிய ஆட்டமாகச் சுருங்கிவிடுகிறது. இந்த வீரனை எடுத்துவிட்டு எந்த நூற்றாண்டின் எந்தக் கோபக்கார ஆவியை வைத்தாலும் இந்தக் கதையில் ஒரு காட்சியும் மாறாது. மறுபுறம், ஆவிகள் அனைத்தையும் நீக்கிவிட்டால் ஒரு மருத்துவர் ஒரு வீட்டுக்கு வந்து தங்கினார் என்பதைத் தவிர எதுவும் மிஞ்சாது.

‘தி டெவில்ஸ் பேக்போன்’ பக்கம் திரும்பினால், வேறுபாடு முதல் சில நிமிடங்களிலேயே தெரிகிறது. 1939-இல், குடியரசுப் படையினர் தோற்றுக்கொண்டிருக்கும் வேளையில், வெட்டவெளிச் சமவெளியின் நடுவே நிற்கும் ஓர் அனாதை இல்லத்துக்குக் கார்லோஸ் என்ற சிறுவன் கொண்டுவந்து விடப்படுகிறான். அவனுடைய தந்தை போரில் இறந்தது அவனுக்குத் தெரியாது. முற்றத்தின் நடுவில், விமானத்திலிருந்து விழுந்து வெடிக்காமல் போன பெரிய குண்டு ஒன்று தரையில் செங்குத்தாகக் குத்தி நிற்கிறது. அந்தக் குண்டு விழுந்த இரவில்தான் சான்ட்டி என்ற சிறுவன் காணாமல் போனான், பிளந்த தலையோடு அடித்தளத் தண்ணீர்த் தொட்டியருகே உலவும் பேய் அவனுடையது. இல்லத்தின் பெட்டகத்தில், குடியரசுத் தரப்புக்காகப் பாதுகாக்கப்படும் தங்கம் இருக்கிறது. அதே இல்லத்தில் அனாதையாக வளர்ந்து இப்போது அங்கேயே பணியாளாக இருக்கும் ஹசிந்தோ அதைக் குறிவைக்கிறான்.

இந்த அமைப்பில் பேயை அகற்றிப் பார்க்கலாம். தோற்கும் தரப்பின் பிள்ளைகள், காலத்துக்கு மிஞ்சிய இலட்சியத்தோடு அவர்களைக் காக்க முயலும் முதியவர் காசாரெஸ், மரக்காலோடு நடந்து இல்லத்தை நடத்தும் கார்மென், உள்ளிருந்தே துரோகம் செய்யும் இளைஞன் என்று முழுமையான ஒரு போர்க்காலக் கதை மிஞ்சுகிறது. பக்கத்து ஊருக்குப் போகும் காசாரெஸ், பிடிபட்ட குடியரசு ஆதரவாளர்கள் சுவரோரம் வரிசையாகச் சுடப்படுவதைப் பார்க்கும் காட்சிதான் படத்திலேயே மிகவும் அச்சமூட்டுவது, அதில் பேய் எதுவும் இல்லை. சான்ட்டியின் ஆவி அதிகம் பேசுவதில்லை. பலர் சாகப்போகிறார்கள் என்று அது எச்சரிப்பதை முதலில் மிரட்டலாகத்தான் சிறுவர்கள் புரிந்துகொள்கிறார்கள். கொன்றவன் உயிரோடு, உணவு மேசைக்கு அருகிலேயே நடமாடுகிறான், அவன் பெயரைச் சொல்ல எல்லோரும் அஞ்சுகிறார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் ஸ்பெயின் பல பத்தாண்டுகள் வாழ்ந்த நிலையே இதுதான். ஹசிந்தோவின் முடிவும் இந்தக் கதைக்குள்ளிருந்தே வருகிறது. சிறுவர்கள் ஒன்றுசேர்ந்து கூர்தீட்டிய கழிகளால் அவனைத் தொட்டிக்குள் தள்ள, இடுப்பில் கட்டிய தங்கத்தின் எடை அவனை மேலே வரவிடாமல் இழுக்கிறது. ‘வின்செஸ்டர்’ படத்தின் மாயத் தோட்டாவோடு இதை ஒப்பிட்டால், ஒன்று எழுதப்பட்ட முடிவு என்பதும் மற்றொன்று ஒட்டப்பட்ட முடிவு என்பதும் விளங்கும்.

‘அண்டர் தி ஷேடோ’ படத்திலும் வெடிக்காத ஆயுதம் ஒன்று கட்டடத்தின் நடுவில் வந்து விழுகிறது, ஆனால் அது செய்யும் வேலை வேறு. 1988-இல் ஈராக் டெஹ்ரான் மீது ஏவுகணைகளை வீசிய வாரங்களில் கதை நடக்கிறது. மாணவப் பருவத்தில் இடதுசாரி அரசியலில் ஈடுபட்டதற்காக மருத்துவப் படிப்பைத் தொடர அனுமதி மறுக்கப்பட்ட ஷிடே, கணவர் போர்முனைக்கு அனுப்பப்பட்ட பின் மகள் டோர்சாவோடு அடுக்குமாடி வீட்டில் தனித்திருக்கிறாள். மேல்வீட்டுக் கூரையைத் துளைத்து வெடிக்காமல் நின்றுவிடும் ஏவுகணையோடு ஜின்னும் உள்ளே வந்துவிட்டது என்று, போரில் பெற்றோரை இழந்த அண்டை வீட்டுச் சிறுவன் மூலம் டோர்சா நம்பத் தொடங்குகிறாள். கூரையில் விழுந்த விரிசலை ஷிடே ஒட்டுநாடாவால் மறைக்கிறாள். குண்டதிர்ச்சியில் சிதறாமலிருக்கச் சன்னல் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் அதே நாடா அது.

இந்தப் படத்தில் என்னைப் பெரிதும் கவர்ந்தது, சட்டத்துக்கும் பேய்க்கும் இடையே உள்ள தொடர்பு. வீடியோ கருவி வைத்திருப்பதே குற்றமாக இருந்த காலத்தில், கதவைப் பூட்டிக்கொண்டு உடற்பயிற்சி ஒளிநாடாவைப் போட்டு ஆடுவதுதான் ஷிடேக்குக் கிடைத்த சுதந்திரம். ஓர் இரவு ஜின்னுக்குப் பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறாள், தலையை மூடவில்லை என்பதற்காகக் காவலர்கள் அவளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். உதவி கேட்க ஓடியவள் கண்டிப்புரை கேட்டுவிட்டு, போர்த்திய உடையோடு அதே பேய்வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பிறகு அந்த ஜின் எடுக்கும் உருவம், உள்ளே ஆளில்லாமல் மிதந்து பெரிதாகி விழுங்க வரும் சாதர், அதாவது பெண்கள் தலை முதல் கால் வரை போர்த்திக்கொள்ளும் துணி. இந்தப் பேயை 1988 டெஹ்ரானிலிருந்து பெயர்த்தெடுத்து வேறெங்கும் நட முடியாது. பேயே இல்லாவிட்டாலும், படிப்பு மறுக்கப்பட்ட ஒரு பெண் நல்ல தாயாகவும் இல்லையோ என்று தன்னையே சந்தேகிக்கும் கதை முழுமையாக நிற்கும். 1982-இல் டெஹ்ரானில் பிறந்த அன்வாரி, ஜோர்தானில் படப்பிடிப்பு நடத்திப் பாரசீக மொழியிலேயே இதை எடுத்தார். பிரிட்டன் இதைத் தன் சார்பில் வெளிநாட்டு மொழிப் பிரிவு ஆஸ்கருக்கு அனுப்பியது. குறையென்று சொன்னால், கடைசி இருபது நிமிடங்களில் திடுக்கிட வைக்கும் காட்சிகள் சற்றுக் கூடிவிடுகின்றன.

‘தும்பாட்’ பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, நம் வாசகர்களில் பலர் அதைப் பார்த்திருப்பார்கள், 2024-இல் மறுவெளியீட்டில் அது முதல் வெளியீட்டைவிட நன்றாக ஓடியது. ஓயாத மழையும், வாடா எனப்படும் பாழடைந்த மாளிகையும், மாவுப் பொம்மையைக் காட்டி ஹஸ்தர் என்னும் சபிக்கப்பட்ட தெய்வத்தின் இடுப்புத் துணியிலிருந்து பொற்காசுகளைப் பறிக்கும் விநாயக்கின் பேராசையும் மறக்க முடியாதவை. பங்கஜ் குமாரின் ஒளிப்பதிவுக்காக மட்டுமே மறுபடி பார்க்கலாம். ஆனால் என் அளவுகோல்படி இது இடைநிலையில்தான் நிற்கிறது. 1918, 1933, 1947 என்ற ஆண்டுகள் திரையில் வருகின்றன, விடுதலையும் வருகிறது, இருந்தாலும் ஹஸ்தரின் தொன்மத்துக்கு இந்த ஆண்டுகள் கட்டாயமானவை அல்ல. அது நூறு ஆண்டு முன்னதாக நடந்திருந்தாலும் பேராசை அதே பேராசைதான். வரலாற்றுத் திகில் என்பதைவிட, வரலாற்று உடையணிந்த நீதிக்கதை என்று இதைச் சொல்வது பொருத்தம். அந்த வகையில் அது சிறந்தது. நம் ஊர்ப் பேய்ப்படங்களில் வரும் ஜமீன் பங்களா முன்கதைகள் பெரும்பாலும் அந்த உடையைக்கூடச் சரியாக அணிவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

பயமுறுத்தும் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. ‘வின்செஸ்டர்’ படத்தில் அமைதி, மெதுவாக நகரும் கேமரா, திடீரென்று பேரொலியோடு ஒரு முகம் என்ற வரிசை திரும்பத் திரும்ப வருவதால், மூன்றாவது முறைக்குள் பார்வையாளர் எண்ணத் தொடங்கிவிடுகிறார். எங்கும் செல்லாத படிக்கட்டுகளும் அறைக்குள் அறைகளும் உள்ள மாளிகை கையில் இருந்தும், அந்த வீட்டின் அமைப்பு நமக்குக் கடைசி வரை மனத்தில் பதிவதில்லை, ஒருவர் வழி தவறித் தவிக்கும் நல்ல காட்சி ஒன்றுகூட இல்லை. பெரும்பகுதி ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் அரங்கம் அமைத்துப் படமாக்கப்பட்டது இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் தெல் தோரோவின் அனாதை இல்லமும் படத்துக்காக உருவாக்கப்பட்ட உலகம்தான். அங்கே சமையலறையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று படம் முடிவதற்குள் நமக்கே தெரிந்துவிடுகிறது, அதனால்தான் இருட்டில் ஒரு சிறுவன் அந்தப் படிகளில் இறங்கும்போது உடல் சில்லிடுகிறது. அன்வாரியின் படத்திலும் கீழ்த்தளப் பதுங்குமிடத்துக்கு ஓடும் மாடிப்படிகள் ஒவ்வோர் அபாயச் சங்குக்கும் நம் காலுக்குப் பழகிவிடுகின்றன.

நடிப்பைப் பொறுத்தவரை, மோசமான படங்களுக்கான ராஸி விருதுப் பட்டியலில் ‘வின்செஸ்டர்’ இடம்பெற்றதை ஓரளவு புரிந்துகொள்ளலாம், மோசமான நடிகைப் பிரிவில் ஹெலன் மிரனையும் சேர்த்ததைத்தான் ஏற்க முடியவில்லை. தனக்குக் கொடுக்கப்பட்ட வசனங்களைவிட அவர் மேலானவராகத் தெரிவது அவருடைய குற்றமல்ல. சாரா அறிவுக்கூர்மையோடு மருத்துவரை மடக்கும் தொடக்க உரையாடல்களில், எடுக்கப்பட்டிருக்க வேண்டிய படத்தின் சாயல் சற்று நேரம் தெரிகிறது. அதன் பிறகு திரைக்கதை மருத்துவரின் சொந்தத் துயரத்தின் பின்னால் போய், சாராவை ஆவிகளின் விதிமுறைகளை விளக்கிச் சொல்பவராக ஆக்கிவிடுகிறது. வசூலில் படம் தோற்றுவிடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். சில மில்லியன் டாலர் செலவில் எடுக்கப்பட்டு நாற்பது மில்லியனுக்கு மேல் ஈட்டியது, மாளிகையின் பெயருக்கு இருந்த ஈர்ப்பே அதற்குப் பெரிதும் காரணமாக இருந்திருக்கும்.

ஆகவே, ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரம் உண்டு என்பவருக்கு ‘தி டெவில்ஸ் பேக்போன்’ படத்தையே பரிந்துரைப்பேன், ஸ்பானிய வரலாறு தெரியாதவரும் அதில் தடுமாற மாட்டார். வீட்டுக்குள் அடைபட்ட பெண்ணின் பார்வையில் திகிலைக் காண விரும்புபவருக்கும், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் இறுக்கமான படம் வேண்டுபவருக்கும் ‘அண்டர் தி ஷேடோ’ பொருந்தும். பெரிய திரையில், கண்ணுக்கு விருந்தாகத்தான் வேண்டும் என்றால் ‘தும்பாட்’. சான் ஹோசே மாளிகையின் மீது ஆர்வம் கொண்டு ‘வின்செஸ்டர்’ படத்தைத் தேடுபவர்கள் மிரனும் கிளார்க்கும் எதிரெதிரே அமர்ந்து பேசும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்ளலாம், மிச்ச நேரத்தை இக்னோஃபோவின் நூலுக்குக் கொடுத்தால் மூட்டுவலியோடு இரண்டு அங்குலப் படிகளில் ஏறிய உண்மையான சாராவை அங்கே சந்திக்கலாம்.